லாடக்காரரும் மூணு அடி பிலிமும்

நாமக்கல் மலைக்கோட்டையை வேண்டுமானால் நாலு பேர் சேர்ந்து தள்ளிக் காவேரிக் கரையில் கொண்டுபோய் வைத்துவிடலாம். லாடக்காரரை மட்டும் "வாங்க" என்று வாய்திறந்து கேட்காமல் ஒரு வாசற்படி ஏற்றிவிட முடியாது. கலெக்டர் துரையே வந்து கையைப் பிடித்து இழுத்தாலும் நடக்காது. நான் அளக்கிறேன் என்று நினைக்கிறவர்கள் மேலே படியுங்கள்.

மாட்டுக்கு லாடம் கட்டுவது அவர் தொழில். சந்தைப்பேட்டை ஓரத்தில் ஓர் ஓட்டு அறையில் தனியாக இருந்தார். பெண்சாதி கல்யாணமான மறுவருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. பொழுது விடிந்து பொழுது சாய்வதற்குள் பேசுகிற பேச்செல்லாம் மாட்டோடுதான். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, குளம்பைச் சீவிக்கொண்டே, "ஏஞ்சாமி, பட்டணத்து ரோட்டுல நடந்தியா? கால் இப்படித் தேஞ்சு கெடக்குதே" என்று விசாரிப்பார். மாட்டை ஓட்டி வந்தவன் பக்கத்திலேயே நிற்பான். அவனை ஏறிட்டும் பார்க்கமாட்டார்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வந்தவரை, வீட்டில் இருக்கிற பெரியவர் சிறியவர் அத்தனை பேரும் தனித்தனியாக "வாங்க" என்று கேட்டாக வேண்டும். சமையற்கட்டில் இருக்கிறவள்கூடக் கரண்டியோடு எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் போவாள். ஒருத்தர் கேட்காமல் விட்டாலும் போச்சு. அதற்காகவே சம்பந்தம் முறிந்து, பேச்சுவார்த்தை நின்று, சாவுக்குக்கூடப் போகாமல் இருக்கிற குடும்பங்கள் எனக்குத் தெரியும். அந்த ரோஷம் எல்லாருக்கும் கொஞ்சம் உண்டு. லாடக்காரருக்கு ஊருக்கே சேர்த்து இருந்தது.

கடைவீதிக் காபி கிளப்புக்குக் காலையில் வருவார். உள்ளே போகமாட்டார். கல்லாவில் இருக்கிற முதலாளி நிமிர்ந்து பார்த்து, "வாங்க லாடக்காரரே" என்று சொன்னால்தான் கால் உள்ளே வரும். ஒரு நாள் முதலாளிக்குப் பல்வலி. கன்னம் வீங்கி, துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையைக் காட்டினார், தலையை ஆட்டினார், கண்ணால்கூடக் கூப்பிட்டுப் பார்த்தார். இவர் நகரவில்லை. "வாய் நல்லாகட்டுமுங்க, அப்புறம் வாரேன்" என்று போனவர், அந்தப் பல் பிடுங்குகிறவரைக்கும் சொந்தமாகக் களி கிண்டித் தின்றுகொண்டிருந்தார்.

மாடு திருட்டுக் கேஸ் ஒன்றில் அவர் சாட்சி. கோர்ட் வாசலில் டவாலி தொண்டை கிழிய மூன்று தடவை பேரைக் கூவினான். பத்தடி தள்ளி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தவர் அசையவில்லை. மாஜிஸ்திரேட்டுக்குக் கோபம் வந்து ஆளைப் பிடித்து வரச் சொன்னார். "ஏன்யா, காது கேக்காதா?"

"கேக்குதுங்க சாமி. பேரைச் சொல்லிக் கத்துனா மாடுகூடத் திரும்பாதுங்களே. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் பாட்டுக்கு வாரேன்."

மாஜிஸ்திரேட் பேனாவை மேஜைமேல் போட்டாராம். பிறகு டவாலியைப் பார்த்து, "சொல்லித் தொலை" என்றாராம். டவாலி பல்லைக் கடித்துக்கொண்டு "வாங்க" என்றான். "வந்தேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுக் கூண்டில் ஏறினார்.

கோயில் என்றால் கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கிற எங்கள் ஆஞ்சநேயரிடம் மட்டும் போவார். "அவருக்கே ஊடு இல்லைங்க. என்னை எங்கிருந்து வாங்கன்னு கேப்பாரு, பாவம்" என்பார். மனுஷர்களில், பயமில்லாமல் அவர் வந்துபோன ஒரே இடம் என் அறை. நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார், தனிக்கட்டை. "வாங்க" சொல்ல வேண்டியவன் நான் ஒருத்தன்தான். தப்பு நடக்க வழியில்லை.

இந்தக் கிறுக்கு எங்கே ஆரம்பித்தது என்று அங்கே உட்கார்ந்துதான் ஒரு நாள் சொன்னார். மோகனூரில் அவருக்கு ஒரே தங்கச்சி. அவள் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் இவர். புதுத்துணி, பழம், தேங்காய் எல்லாம் வைத்த சீர்த்தட்டைத் தலையில் சுமந்துகொண்டு போய் வாசலில் நின்றார். அந்த நேரம் பார்த்து, காது குத்த வேண்டிய பயல் ஆசாரியின் ஊசியைப் பார்த்துவிட்டு வைக்கோல் போருக்குள் புகுந்துகொண்டான். தங்கச்சி, அவள் வீட்டுக்காரர், பங்காளிகள், மேளக்காரன் உட்பட அத்தனை பேரும் வைக்கோலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலைப் பார்க்க ஆளில்லை. லாடக்காரர் தட்டோடு நின்று நின்று பார்த்தார். திரும்பி நடந்துவிட்டார். பயலை யாரோ பங்காளி மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்களாம். அதோடு மோகனூர் வழி அவருக்கு அடைத்துப்போயிற்று. பத்துப் பன்னிரண்டு வருஷமிருக்கும்.

"அந்தத் தட்டை இறக்கி வைக்கக்கூட ஒரு கை வரலீங்க வாத்தியாரே" என்றார்.

இப்படிப்பட்ட மனுஷர் சினிமாப் பைத்தியமானதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் ஊர் டெண்டுக் கொட்டாய் வாசலில் ஒருத்தன் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைகிற ஒவ்வொருத்தரையும் "வாங்க! வாங்க!" என்று கேட்பான். தரை டிக்கெட்டுக்கும் அதே மரியாதை. "சினிமாக்காரங்களுக்குத்தானுங்க நாகரிகம் தெரியுது" என்று லாடக்காரர் எல்லாப் படத்தையும் பார்த்தார். மணலைக் குவித்து, அதன்மேல் உட்கார்ந்து, பக்கத்தில் யாரும் இல்லாமல்.

கொட்டாய் முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. ராமாயண சப்தாகம் நடத்துகிற மாதிரி சினிமா சப்தாகம் நடத்துவது! ஏழு நாள், ஏழு படம். முதல் நாள் பார்த்த படத்தின் கலைஞர்கள் மறுநாள் சாயங்காலம் சேலத்திலிருந்து வந்து மேடையில் உட்காருவார்கள்; ஜனங்கள் கேள்வி கேட்கலாம். நடுவில் நின்று நடத்திக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். இலவசமாகக் கிடைக்கிற ஆள் வாத்தியார்தானே? என்னைப் பிடித்தார்கள்.

யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற காரில்தான் கலைஞர்கள் வந்தார்கள். சேலத்தில் சந்தன நிறத்தில் ஏறிய வில்லன் நடிகர் நாமக்கல்லில் கொல்லன் பட்டறையிலிருந்து வருகிறவராக இறங்கினார். கேள்வி கேளுங்கள், கேளுங்கள் என்று நான் கெஞ்சினேன். கடைசியில் ஒரு கிழவி எழுந்தாள். "ஏஞ்சாமி, பாத்தா நல்லவனாட்டத்தான் தெரியறே. அந்தப் புள்ளைய ஏன் அந்த அடி அடிச்சே?"

"அது நடிப்பு, தாயே."

"நடிப்பாவது! நான் ரெண்டு கண்ணால பாத்தனே!"

பெண்கள் பக்கம் முழுக்க எழுந்துவிட்டது. இனிமேல் அடிக்கமாட்டேன் என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் உட்கார்ந்தார்கள். இது சப்தாகத்தின் முதல் கேள்வி.

இந்த அமளிக்கு நடுவில்தான் லாடக்காரர் வாசலுக்கு வெற்றிலை பாக்கு வந்தது. தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். தங்கச்சி வீட்டுக்காரரே நேரில் வந்து கூப்பிட்டுவிட்டுப் போனார். தாய்மாமன் இல்லாமல் சீர் நடக்காது. நான் சந்தோஷப்பட்டேன். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அதுதான் வாங்கன்னு சொல்லிட்டாங்களே" என்றேன்.

"கூப்படறது வேறங்க. வந்து நிக்கறவனைக் கேக்கறது வேற. போய் நின்னு, மறுக்காவும் ஆரும் கேக்காம உட்டா? திரும்பி வாரதுக்கு எனக்குத் தெரியுமுங்க. ஆனா இந்தத் தடவை திரும்புனா அவ்வளவுதான் வாத்தியாரே. அப்புறம் எனக்குன்னு ஒருத்தரும் கெடையாது." ஆணியை எடுத்து எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டே இருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் மேடையில் இரண்டு பேர். ஒருவர் டைரக்டர், வங்காளத்துக்காரர். அவர் இங்கிலீஷை நான் தமிழாக்க வேண்டும். மற்றவர் முன்தினம் காட்டிய படத்தில் தங்கையாக நடித்த அம்மாள். நாடகக் கம்பெனியிலிருந்து சினிமாவுக்கு வந்தவர். கேள்வி உண்டா என்று நான் கேட்டு முடிக்கவில்லை, தரை டிக்கெட்டில் லாடக்காரர் எழுந்து நின்றார். கொட்டாயே திரும்பிப் பார்த்தது. கூட்டத்தில் அவர் வாய்திறந்து யாரும் கேட்டதில்லை.

"ஏனுங்க, நேத்துப் படத்துல அண்ணங்காரரு தங்கச்சி ஊட்டுக்கு வாராரு. வந்த உடனே உக்காந்து சோறு உங்கறாரு. ஆரும் வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை. அவருக்கு அந்தச் சோறு எப்படீங்க உள்ளே எறங்குச்சு?"

நான் மொழிபெயர்த்தேன். வங்காளி டைரக்டர் இரண்டு தடவை கேட்டுப் புரிந்துகொண்டு சிரித்தார். யுத்தத்தினால் பிலிமுக்கு ரேஷன், இத்தனை அடிக்கு மேல் படம் போகக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு, அதனால் வருகிறது போகிறது எல்லாவற்றையும் வெட்டிவிட்டோம் என்றார்.

"வாங்கன்னு சொல்ல எத்தனை அடி ஆகுமுங்க?"

டைரக்டர் விரல் விட்டுப் பார்த்து, மூணு அடி என்றார்.

"மூணு அடிக்காகவா ஒரு மனுசனைச் சும்மா வாசல்ல நிக்கவெச்சீங்க?"

பாதிக் கொட்டாய் "அதானே!" என்று கத்தியது. மீதிப் பாதி "உக்காருங்க, பாட்டு போடட்டும்" என்றது. முதலாளி எனக்குச் சைகை காட்டினார், ஆளை உட்காரவை என்று. எனக்கு எப்படி மனசு வரும்? அவர் சினிமாவைப் பற்றிக் கேட்கவில்லை என்பது அங்கே எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். விடிந்தால் கல்யாணம்.

அப்போது அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து மேடை ஓரத்துக்கு வந்தார்.

"அண்ணா, நான் சொன்னேன். வாசப்படியில நின்னு ரெண்டு கையையும் கூப்பி, 'வாங்கண்ணா'ன்னு சொன்னேன். ஒரு தடவைக்கு நாலு தடவை எடுத்தாங்க. அப்புறமா வெட்டிட்டாங்க. அண்ணனா நடிச்சவருக்குத் தெரியும், நான் சொன்னேன்னு. அதனாலதான் அவரு உக்காந்து சாப்பிட்டாரு. நீங்கதான் பாக்கலை."

லாடக்காரர் நின்றுகொண்டே இருந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார். "சொன்னீங்களா அம்மிணி?" என்றார்.

"சத்தியமா சொன்னேன் அண்ணா."

"செரி" என்று உட்கார்ந்தார். அடுத்து ஒருத்தன் எழுந்து, நீங்கள் மூஞ்சிக்கு எந்த மாவு பூசுகிறீர்கள் என்று கேட்க, கொட்டாய் பழையபடி கலகலவென்று ஆகிவிட்டது.

மறுநாள் விடியக்காலை என் அறை வாசலில் வாடகை மாட்டுவண்டி வந்து நின்றது. சலவை வேட்டி, தலைப்பாகை, மடியில் சீர்த்தட்டு. "தனியாப் போகக் காலு வரமாட்டேங்குதுங்க. நீங்களும் வாங்க" என்றார். மோகனூர் போகிறவரைக்கும் வேறு பேச்சில்லை. காளைகளோடுகூடப் பேசவில்லை.

பந்தல் வாசலில் இறங்கினோம். அங்கே ஒரு குஞ்சு குளுவான்கூட எங்களைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்கள். மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் மொய்த்துக்கொண்டிருந்தது. தங்கச்சி வீட்டுக்காரர் அந்தப் பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தார். லாடக்காரர் தட்டோடு நின்றார். தட்டில் தேங்காய் உருண்டதை நான் பார்த்தேன். ஐயோ, இது மறுபடியும் நடக்கிறதே என்று, யாரையாவது கத்திக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க வாத்தியாரே. சொல்லியிருப்பாங்க. நாமதான் பாக்கலை."

சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, பந்தலுக்குள் நடந்துபோனார்.

சமையல் பக்கமிருந்து வந்த தங்கச்சி அண்ணனைக் கண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாங்க என்று சொல்ல அவளுக்கு எங்கே குரல் வந்தது? அழுகைதான் வந்தது. "எந்திரி அம்மிணி, கல்யாண ஊட்டுல அழுவாதே. தட்டை வாங்கு, கை நோவுது" என்றார் இவர். சீர் நடந்தது. பந்தியில் அவள் பக்கத்திலேயே நின்று பரிமாறினாள். அவர் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ராத்திரி தங்கச் சொல்லி அவள் மன்றாடினாள். "நாளைக்குச் சந்தை. மாடுங்க வந்து நிக்குமே" என்று கிளம்பிவிட்டார். சந்தைப்பேட்டைக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். வண்டிக்காரன் கொண்டுபோய் விடட்டும் என்று என்னை வண்டியிலேயே இருக்கச் சொல்லி இறங்கினார். தன் அறைப் பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளி, உடனே உள்ளே போகாமல், அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

வண்டியிலிருந்து குதித்து, அவருக்கு முன்னால் ஓடிப்போய் அந்த அறைக்குள் நின்றுகொள்ளலாமா என்று, அவர் வாசலில் நின்றபோதே எனக்கு ஓர் ஆசை வந்தது.