படுத்து ஓட்டும் சைக்கிள்

"மாலையை எங்கேங்க மாட்டறது? இந்த வண்டிக்குக் கழுத்தே இல்லையே" என்றாள் பஞ்சவர்ணம்.

நியாயமான கேள்விதான். குமணன்சாவடி கலீல் ரகுமான் கடையிலிருந்து ஞானசேகரன் கொண்டுவந்து நிறுத்தியிருந்த சைக்கிளில் எல்லாமே இடம் மாறிக் கிடந்தது. சாய்வு நாற்காலி மாதிரி ஓர் இருக்கை. பெடல் முன்சக்கரத்துக்கும் முன்னால். ஹேண்டில்பாரோ இருக்கைக்கு அடியில். மல்லாந்து படுத்து, காலை நீட்டி மிதிக்க வேண்டும்.

"இன்னும் வாங்கலைம்மா. ஓட்டிப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்னு எடுத்துட்டு வந்திருக்கேன்."

வாங்கினால் என்ன, வாங்காவிட்டால் என்ன, சக்கரம் வைத்த எதையும் அவள் பூஜை போடாமல் வாசலைத் தாண்ட விட்டதில்லை. சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. மாலையை இருக்கையின் முதுகில் சுற்றினாள். மிச்சக் குங்குமத்தை அவர் நெற்றியில் அப்பினாள்.

முதுகில் ஜவ்வு விலகியதிலிருந்து மனிதர் சைக்கிளைத் தொடவில்லை. இருபது வருஷமாகத் தொழிற்சாலைக்குச் சைக்கிளிலேயே போனவர், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனார். சாய்ந்து ஓட்டுவதானால் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னதும் சின்னப் பிள்ளை மாதிரி ஆசை வந்துவிட்டது. ஆசைக்குக் குறுக்கே வெட்கம் வந்து நின்றது. அதிலும் எதிர் குவார்ட்டர்ஸ் பக்தவத்சலம் கண்ணில் பட்டுவிட்டால் அவ்வளவுதான். மறுநாள் கேன்டீனில் இட்லிக்குச் சட்னியே வேண்டாம், ஞானசேகரன் போதும்.

அதனால் முகத்தை மறைக்க ஒரு வெள்ளைத் துண்டைத் தாடையோடு சேர்த்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். படுத்தார். மிதித்தார். வண்டி ஜம்மென்று போயிற்று. முதுகு முணுக்கென்றுகூட வலிக்கவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

தெருமுனை தாண்டியதும் மாலை நழுவிச் சக்கரத்துக்குள் போகப் பார்த்தது. பூஜை போட்ட மாலையை ரோட்டில் வீச மனசு கேட்குமா? எடுத்துத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். இதைத்தான் கெட்ட நேரம் என்பது.

சேக்காட்டில் குழாய் போடத் தோண்டியதில் பாதி ரோடு காணாமல் போயிருந்தது. பின்னால் வந்த ஆட்டோவும் பைக்குகளும் அவரை முந்த முடியாமல் வரிசையாக, மெதுவாக, ஊர்வலம் மாதிரி வந்தன. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். உடனே எல்லோரும் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்கள். ஓர் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியபடி, யார் பெத்த புள்ளையோ என்று விம்மினாள்.

பின்னால் வந்த ஆட்டோக்காரன் தலையை வெளியே நீட்டினான்.

"யக்கா, நல்லா பாரு. பொணமே பெடல் போட்டுகினு போவுது."

பஸ் ஸ்டாப்பே சிரித்தது. ஒரே ஓர் ஆள் சிரிக்கவில்லை, கூப்பிய கையை இறக்கவுமில்லை. பக்தவத்சலம்.

ஞானசேகரனுக்கு உடம்பு கூசிப்போயிற்று. மற்றவர்கள் தெரியாமல் கும்பிட்டார்கள். இந்த ஆள் தெரிந்தே கும்பிடுகிறான், உயிரோடிருக்கும்போதே காரியம் செய்துவிட்டான். அங்கேயே இறங்கி, மாலையைக் கழற்றக்கூடத் தோன்றாமல், தலையைக் குனிந்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தார்.

முதுகு வலிக்கவில்லையென்றால் வாங்கிவிட வேண்டியதுதானே என்றாள் பஞ்சவர்ணம்.

"முதுகு தப்பிச்சுது. மூஞ்சிதான் போச்சு."

இரவெல்லாம் பஸ் ஸ்டாப் சிரிப்பு காதிலேயே இருந்தது. காலையில் வேலைக்கு லீவு சொன்னார். சரக்கு ஆட்டோவில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு குமணன்சாவடி போய், வண்டி நமக்கு ஒத்துவராது பாய் என்று கலீல் ரகுமானிடம் ஒப்படைத்தார். ஒப்படைத்த பிறகும் இருக்கையிலிருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

சக்கரத்தில் சிக்கியிருந்த சாமந்தி இதழை எடுத்துப் போட்டுவிட்டு, கலீல் ரகுமான் கடைக்குள்ளே கையைக் காட்டினார்.

"நல்லதா போச்சு சார். இத்த மொதல்ல வாங்கி, ஓட்ட வெக்கப்பட்டுகினு எங்கிட்டயே திருப்பிக் குட்த்தவரு உங்க எதுத்த ஊட்டு பக்தவத்சலம் சார்தான். 'ஞானசேகரனோட தைரியத்தப் பாத்து நடுரோட்லயே கும்ட்டேன், எனக்கு அந்த வண்டி வேணும்'னு காலைலேர்ந்து உள்ள குந்திகினு கீறாரு."