பொண்ணு பாக்கப் போன எடத்துல ஆல்பம் பத்திப் பேசலாமுங்களா?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம பல்லடம் போனோம். என்ற தம்பிக்குப் பொண்ணு பாக்க.

எனக்குக் குடுத்த வேலை சின்னதுதானுங்க. பொண்ணுகூடத் தனியா உக்காந்து நாலு வார்த்தை பேசி, கொணம் எப்படின்னு பாத்துட்டு வரோணும். "வாயை அளவாத் தொற"ன்னு அம்மா வழியிலயே சொல்லிப்போட்டாங்க. எத்தனையோ எடம் அலைஞ்சாச்சு, இதாவது அமையோணும்னு அவங்களுக்குக் கவலை.

பொண்ணு பேரு நித்யா. அவங்கப்பா கோழிப்பண்ணை வெச்சிருக்காரு. இனிப்புக்கு ஒப்பிட்டு சுட்டுக் குடுத்தாங்க, தின்னோம். அப்பறம் நித்யா என்னைய அவ ரூமுக்குக் கூட்டிட்டுப் போனா.

என்ன கண்ணு புடிக்கும்னு கேட்டேன். பாட்டுன்னா. எனக்கும் அதேதான். அப்பவே பேச்சை மாத்தியிருக்கோணும்.

புதுசா வந்திருக்குதே ஒரு படத்து ஆல்பம், ஊரே தலைமேல தூக்கி வெச்சு ஆடுதே, அதைத்தான் காலையில இருந்து கேட்டுட்டு இருக்கேன்னா. அதைப் புகழ்றவங்களைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ரெண்டு ரீல்ஸ் பாத்துட்டு இசை விமர்சகர் ஆன கூட்டம்.

"பண்ணையில கரண்ட் போனா கோழியெல்லாம் ஒண்ணாக் கத்துமே, அதுக்குத் தாளம் போட்டு வெச்சிருக்கான்"னேன். சொன்னதுக்கு அப்பறந்தான் யாரு ஊட்டுல உக்காந்திருக்கறோம்னு ஒறைச்சுது.

அவ கோவிச்சுக்கல.

"எங்க கோழிக சுருதியோடதாங்க்கா கத்தும். நாலாவது பாட்டு கேட்டீங்களா?"

மூணாவதுலயே எந்திரிச்சு ஓடியாந்துட்டேன்னேன். பாதி கேட்டுட்டுத் தீர்ப்புச் சொல்ற ஆளுன்னு என்னைய ஒரு பார்வை பாத்தா. நான் உசுரா நெனைக்கற ஆல்பத்தைச் சொன்னேன். அதைப் போட்டா கொசுகூடத் தூங்கிரும்னுட்டா.

நான் எந்திரிச்சுட்டேன். அவளும் எந்திரிச்சுட்டா. ஹால்ல பேச்சுச் சத்தம் நின்னுபோச்சு. அவங்கம்மா வந்து எட்டிப் பாத்து, ஏனுங்க அம்மணி, தண்ணி எதாச்சும் வேணுமுங்களான்னு கேட்டாங்க.

அதோட விட்டிருக்கலாம். தம்பியவே கேட்டுப்போடலாம்னு அவனை உள்ள கூப்புட்டது நாந்தானுங்க. அவனுக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இல்ல. அவன் தலையாட்டிக் கேக்கற ஒரே தாளம் கார் இண்டிகேட்டரு.

என்னைய ஒருக்கா பாத்தான், அவளை ஒருக்கா பாத்தான். "எல்லாப் பாட்டுமே நல்லாத்தானுங்க இருக்குது"ன்னான்.

"எல்லாமே நல்லாருக்குதுன்னா, ஒண்ணைக்கூடக் கேக்கலீன்னு அர்த்தமுங்க"ன்னா நித்யா.

நான் ஆமான்னு தலையாட்டிப்போட்டேன். அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனது அது ஒண்ணுலதான்.

சாயங்காலமே தரகர் போன் பண்ணிட்டாரு. மாப்பிள்ளை வேண்டாமாம். அக்கா நம்பர் மட்டும் கெடைக்குமான்னு பொண்ணு கேக்குதாம்.

அன்னிக்கிருந்து தெனமும் போன்ல சண்டைதானுங்க. எந்தப் புதுப் பாட்டு வந்தாலும் மொதல்ல அவதான் கூப்புடறா. அந்த நாலாவது பாட்டையும் கேட்டேன். அதுவும் குப்பைதான். அதைச் சொல்லி முடிக்கறக்குள்ள அடுப்புல பாலு பொங்கி வழிஞ்சுபோச்சு.

வர்ற ஞாயித்துக்கெழம சோமனூர்ல ஒரு பொண்ணு பாக்கப் போறாங்க. கார்ல எனக்கு எடம் இல்லையாம்.

அஞ்சு பேரு உக்கார்ற காரு. போறது மூணு பேரு.