மூன்றாம் மாடியில் அளந்த வலி

மனிதன் பொய் சொல்வான். மருத்துவர்கூடச் சமயத்தில் சொல்வார். புள்ளியியல் மென்பொருள் மட்டும் சொல்லவே சொல்லாது. அதனுடன் பல வருடங்களாக ஒரே அறையில் குடித்தனம் நடத்துகிறவன் என்ற தகுதியில் இதை உலகத்துக்கு அறிவிக்கிறேன்.

எங்கள் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் முழங்கால் வலிக்கு ஒரு மாத்திரையைச் சோதித்தது. பாதிப் பேருக்கு அசல் மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு கூட்டமும் சந்தித்துப் பேசிக்கொண்டால் 'அறிவியல் தூய்மை' கெட்டுவிடுமே என்று இயக்குநர் அஞ்சினார். ஆகவே மாவுக்காரர்களுக்குத் தரைத்தளத்திலும் அசல்காரர்களுக்கு மூன்றாம் மாடியிலும் பரிசோதனை.

ஆய்வின் நடுவில் லிஃப்ட் படுத்துவிட்டது. அறிவியல் படுக்கவில்லை. 'படிக்கட்டைப் பயன்படுத்தவும்' என்று அம்புக்குறி போட்டு அழகான பலகை ஒன்று மாட்டினோம்.

கடைசிப் பரிசோதனை நாளில் மாவுக்காரர்கள் ஒருவர் விடாமல் நொண்டிக்கொண்டு வந்து நர்ஸிடம் புலம்பித் தீர்த்தார்கள். மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தவர்களோ, அடடா! மூச்சு வாங்கியதே தவிர முழங்கால் வலி ஒருவருக்கும் இல்லை. வலி இருந்தவர்கள் முதல் மாடித் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

அவர்களில் என் அக்காவும் ஒருத்தி. தையல் மெஷின் மிதித்துக் குடும்பம் நடத்துகிறவள். திருப்பத்தில் உட்கார்ந்தபடியே எனக்குப் போன் செய்தாள்.

"டேய், இந்த மாத்திரைய ஆரம்பிச்சதுல இருந்து முட்டி வீங்கிக் கெடக்குடா. மெஷின மிதிக்கவே முடியல. நிறுத்திடவா?"

"அவசரப்படாதக்கா. கம்ப்யூட்டர்ல முடிவு வரட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

"முட்டி என்னோடதுடா. கம்ப்யூட்டர எதுக்குக் கேக்கணும்?"

அறிவியல் மனப்பான்மை இல்லாதவர்கள் இப்படித்தான், சொந்த முட்டியை ஆதாரமாகக் காட்டுவார்கள்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மாடிக்கு வராதவர்கள் எல்லோருக்கும் போன் செய்து, வலி எவ்வளவு என்று கேட்டு, அட்டவணையில் அவர்கள் பெயருக்கு எதிரே காலியாகக் கிடந்த கட்டங்களை நிரப்பினேன். மென்பொருளை ஓட்டினேன். மாத்திரைக்கு மாவே தேவலை என்றது. இயக்குநர் திரையைப் பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்தவர் போல ஆகிவிட்டது அவர் முகம்.

"இந்த நம்பரெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"போன்ல கேட்டேன் சார். வராதவங்களுக்குத்தான் வலி ஜாஸ்தி."

"போன்ல வலிய அளக்க முடியுமா? நம்ம விதிமுறைப்படி மூணாவது மாடில அளந்தாத்தான் அது வலி."

"அப்ப மாடி ஏற முடியாதவங்க?"

"அவங்க 'விடுபட்ட தரவு'. காலிக் கட்டம். அதுக்கு என்ன செய்யணும்னு மென்பொருளுக்கே தெரியும். நீங்க குறுக்க நிக்காதீங்க."

நான் நிரப்பியதையெல்லாம் அழித்தேன். 'காலியான வரிசைகளை நீக்கலாமா?' என்று மென்பொருள் மிகுந்த பணிவுடன் கேட்டது. ஆம் என்றேன். அக்கா நீங்கினாள்.

வந்திருக்கும் பலன் தற்செயலா என்று சந்தேகப்படுவதற்கென்றே பி-மதிப்பு என்று ஓர் எண் உண்டு. அது சரசரவென்று இறங்கியது. எங்கள் தொழிலில் அந்த எண் இறங்கினால் மற்ற எல்லோரும் ஏறுவார்கள். இயக்குநர் பதவி ஏறினார். கட்டுரை அச்சேறியது. எனக்கும் ஒரு கிரேடு ஏறியது.

பாராட்டு விழா மூன்றாம் மாடியில். மாத்திரைக் கம்பெனி முதலாளிக்கு முழங்கால் வலி என்பதால் லிஃப்டை ஒரே நாளில் சரிசெய்துவிட்டார்கள்.

விழாவின் நடுவில் லிஃப்ட் கதவு திறந்தது. கைத்தடியுடன் அக்கா. அசல்காரர்களின் முகங்கள் இயக்குநருக்கு நன்றாகத் தெரியும். பாய்ந்து போய் மைக்கைப் பிடித்தார்.

"முதல் மாடிகூட ஏற முடியாம திரும்பிப் போன ஒரு அம்மா, இதோ மூணாவது மாடில நிக்கிறாங்க! நம்ம மாத்திரைக்கு இதவிட என்ன சாட்சி வேணும்?"

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"லிஃப்டுல வந்தேங்க" என்றாள் அக்கா.

"எப்படி வந்தாங்கங்கறத நம்ம ஆய்வு அளக்கல" என்று முதலாளிக்கு விளக்கம் கொடுத்த இயக்குநர், என் காதருகே குனிந்து, "இவங்க வரிசைய மட்டும் திரும்பச் சேத்துடுங்க" என்றார்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். முட்டி முன்னைவிடப் பெரிதாக இருந்தது. மெஷினை விற்றாகிவிட்டதாம்.

"பாத்துட்டுச் சொல்றேன்னியே. நீ சொல்லுவேன்னுதான் இன்னும் முழுங்கிக்கிட்டிருக்கேன். முடிவு வந்துடுச்சாமே. நிறுத்தவா, வேணாமா?"

இயக்குநர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி இயக்குநரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிசல்ட் நல்லா வந்திருக்குக்கா. தொடர்ந்து சாப்பிடு."

அவளுக்கு அவ்வளவு நிம்மதி. தம்பியே சொல்லிவிட்டானே! கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, விழாத் தண்ணீரில் அப்போதே விழுங்கினாள்.

ஆகவே மறுபடியும் அடித்துச் சொல்கிறேன். மென்பொருள் பொய் சொல்லாது. அந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம்.