பார்த்தாச்சுக்காரர்

உயிரினங்களை வகைப்படுத்திய அறிஞர்கள் புழு பூச்சிகளைக்கூட விட்டுவைக்கவில்லை; ஆனால் நம்மோடு ஒரே அறையில் அமர்ந்து, ஒரே மின்விசிறியின் காற்றை வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு வகையை மட்டும் எப்படியோ கவனியாமல் விட்டுவிட்டார்கள். இரண்டு கண்கள், இரண்டு காதுகள், அவை இரண்டும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே வேலையை முடித்துவிடும் ஒரு நாக்கு. இவ்வளவுதான் அடையாளம். பெயர், பார்த்தாச்சுக்காரர்.

முறைப்படி ‘பார்த்தாயிற்று’ என்றே எழுத வேண்டும். எனினும், அச்சொல் அவர் வாயிலிருந்து புறப்படும் வேகத்தில் இடையிலுள்ள எழுத்துகள் நிலைப்பதில்லை; ஆதலால் அவர் சொல்கிறபடியே எழுதுகிறேன். அந்த வாக்கியத்தைச் சற்று உற்று நோக்குங்கள். எழுவாய் இல்லை. யார் பார்த்தார்? தெரியாது. செயப்படுபொருளும் இல்லை. எதைப் பார்த்தார்? அதுவும் தெரியாது. பார்த்தல் என்னும் தொழில் மட்டும் எங்கோ, எப்போதோ, யாராலோ நடந்து முடிந்துவிட்டது. இனி அதைப்பற்றிப் பேசுவது நாகரிகமன்று.

இவர் எல்லா வீடுகளிலும் காணப்படுவார். அலமாரிச் சாவி அந்த நீலப் பையில் இருக்கிறதா என்று மனைவி கேட்டால், பையைத் திறக்காமல், பையின் திசையில் திரும்பாமல், கையிலுள்ள செய்தித்தாளை மடக்காமல் பதில் சொல்வார். ஆயினும் இவர் நன்கு கொழுத்து வளரும் இடம் கணினி நிறுவனம். ஏனெனில், அங்கே ஏதாவது ஒன்று எப்போதும் ஓடாமல் நிற்கும். ஏன் நிற்கிறது என்று யாராவது எப்போதும் கேட்பார்கள். ஓர் உயிரினம் வாழ்வதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் அறிந்த பார்த்தாச்சுக்காரர் ஒரு கல்லூரியின் சேர்க்கை விண்ணப்பத் தளத்தைக் கவனித்துக்கொள்பவர். அந்தத் தளம் எப்படி இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அஞ்ச வேண்டாம். மாணவர்களின் விவரங்கள் தரவுத்தளம் என்னும் பெருங்கிடங்கில் இருக்கின்றன. விண்ணப்பப் பக்கத்தை இயக்கும் நிரலுக்கு அந்தக் கிடங்கு எங்கே இருக்கிறது, அதன் பாஸ்வேர்டு என்ன என்பவை தெரியா, தெரியவும் கூடாது. அதற்குத் தெரிந்தது ஒரு பெயர் மட்டுமே. தான் ஓடுகிற சர்வரிடம் அந்தப் பெயரைச் சொல்லும். சர்வர் தன் பெயர்ப் பதிவில் தேடி, உரிய இணைப்பை எடுத்துக் கொடுக்கும். பெரிய அலுவலகம் ஒன்றுக்குத் தொலைபேசியில் அழைத்துக் ‘கணக்குப் பிரிவு’ என்கிறோம். வரவேற்பில் இருப்பவர் இணைப்புத் தருகிறார். அதே ஏற்பாடுதான். தம்மிடம் அப்படியொரு பெயர் இல்லையென்றால், ‘அப்படி இங்கே யாரும் இல்லை’ என்பார். அதனால் கணக்காளர் காலமாகிவிட்டார் என்று பொருளா?

பார்த்தாச்சுக்காரருக்கு அதுதான் பொருள். நேரே கணக்காளரின் நாடியைப் பிடித்துப் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

நடந்ததைக் கேளுங்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தைய மாலையில், தளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதிய, பெரிய சர்வருக்கு அவரே மாற்றினார். கடைசி நாளன்று மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பப் பக்கம் தானாகவே மூடிக்கொள்ளும். அன்று காலை அதைத் திறந்தவர்கள் அனைவருக்கும் ஒரே ஒரு வரி கிடைத்தது. தமிழில் சொன்னால், ‘நீங்கள் தேடும் பெயர் இங்கே பதிவு செய்யப்படவில்லை.’

திறந்தவர்களில் ஒருத்தி அவருடைய சொந்த மகள். படித்தால் அந்தக் கல்லூரியில்தான் படிப்பேன், வேறெங்கும் விண்ணப்பிக்கமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்று, அதன்படியே வேறெங்கும் விண்ணப்பிக்காதவள். ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேராவிட்டால் அவளுக்கு ஓராண்டு வீட்டில்தான். அவள் அப்பாவை அழைத்தாள்.

“அப்பா, பேஜ் திறக்க மாட்டேங்குதுப்பா.”

“உன் பக்கம் நெட் சரியில்லம்மா. இங்க எல்லாம் பார்த்தாச்சு.”

அப்போது அவர் நாற்காலியில் முழுமையாக உட்கார்ந்திருக்கவும் இல்லை.

உட்கார்ந்த பின்பு சடங்குகள் தொடங்கின. முதலில் சர்வரை நிறுத்தி மீண்டும் இயக்கினார். வரவில்லை. கிடங்கின் பாஸ்வேர்டை மாற்றினார். பழைய பாஸ்வேர்டையே மறுபடி வைத்தார். வரவில்லை. வலையமைப்புக்காரரை வரவழைத்து ஒயரை உருவிச் சொருகச் சொன்னார்; அவர் உருவிச் சொருகி, பக்கத்திலிருந்த இரண்டு பேரின் வேலையைக் கெடுத்துவிட்டுப் போனார். நினைவகத்தைத் துடைத்தார், பழைய நகல்களை அழித்தார், தம் மூக்குக்கண்ணாடியையும் துடைத்துப் பார்த்தார். கண்ணாடி தெளிவாயிற்று, பக்கம் வரவில்லை. எதிரே இருந்த வரியை மட்டும் அவர் படிக்கவில்லை. அது பிழைச்செய்தி அல்லவா? பிழைச்செய்தி என்பது பிழை நேர்ந்துவிட்டது என்று அறிவிப்பதற்காக வருவது. அதைப் போய் யாராவது படிப்பார்களா?

மேலாளர் வந்து, பெயர் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். முதல் வேலையாக அதைத்தான் பார்த்தாச்சு என்றார் நம்மவர். இதில் ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும்: அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே பார்த்திருந்தார். அவருடைய திரையில் இரட்டைப் பிள்ளைகளைப்போல இரண்டு கறுப்புச் சன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று பழைய சர்வர், மற்றொன்று புதியது. பெயர் பதிவாகியிருக்கிறதா என்று அவர் பார்த்த இடம் பழையது. அங்கே அந்தப் பெயர் ஆண்டுக்கணக்காகச் சுகமாக இருந்து வருகிறது. புதிய சர்வருக்கு அப்படியொரு பெயர் உலகில் உண்டு என்பதே தெரியாது. முற்றிலும் பார்க்காதவனைக்கூடத் திருத்திவிடலாம். வேறிடத்தில் பார்த்துவிட்டு வந்து சத்தியம் செய்பவனை என்ன செய்வது?

பிற்பகலில் மகள் மீண்டும் அழைத்தாள். இன்னும் திறக்கவில்லை என்றாள். டேட்டாபேஸ் செத்துப் போச்சும்மா, அந்த மேடத்தைத்தான் போய்க் கேட்கப் போகிறேன் என்று ஆறுதல் கூறிவிட்டு, அறையின் கோடியில் இருந்த தரவுத்தளப் பொறுப்பாளரிடம் போனார். அந்த அம்மையார் நிதானமானவர், நறுக்கென்று பேசுபவர்.

“மேடம், உங்க டேட்டாபேஸ் பதிலே சொல்ல மாட்டேங்குது.”

“யாருக்கு சார் பதில் சொல்லணும்? காலையிலேர்ந்து உங்க சர்வர்லேர்ந்து ஒருத்தரும் இந்தப் பக்கம் வரவே இல்லை. கதவைத் தட்டினாத்தானே திறக்க முடியும்.”

“தட்டுறதெல்லாம் பார்த்தாச்சு மேடம்.”

அந்த அம்மையார் அதன்பின் ‘பார்த்தீர்களா’ என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பார்த்தாச்சுக்காரரிடம் கேட்கவே கூடாத கேள்வி அது. விடை முன்பே தயாராக இருக்கும். எழுந்து நம்மவரின் இருக்கைக்கு வந்தார். தம் கண்ணாடியை மேசையிலேயே வைத்துவிட்டதாகவும், எழுத்து மங்கலாகத் தெரிவதாகவும், அந்த வரியைக் கொஞ்சம் வாய்விட்டுப் படிக்கும்படியும் கேட்டுக்கொண்டார். கண்ணாடி அம்மையாரின் தலைமேல்தான் ஏறியிருந்தது. பார்த்தாச்சுக்காரர் அதைப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

நம்மவர் படித்தார். “நீங்கள் தேடும் பெயர் இங்கே பதிவு செய்யப்படவில்லை.”

“எங்கே?”

“இங்கேதான் மேடம்.”

“அந்த இங்கே எந்த சர்வர்?”

அவர் கறுப்புச் சன்னலின் தலைப்பைப் பார்த்தார். பிறகு பக்கத்துச் சன்னலின் தலைப்பைப் பார்த்தார். மறுபடியும் முதலாவதைப் பார்த்தார். அன்று முழுவதிலும் அவர் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்தது அந்த மூன்று முறைதான். பிறகு புதிய சர்வரில் நான்கு வரிகளைத் தட்டிப் பெயரைப் பதிவு செய்து, மீண்டும் இயக்கினார். பக்கம் திறந்தது. மேலாளர் எட்டிப் பார்த்து என்னதான் கோளாறு என்று வினவியபோது, பெயர்ப் பதிவில் ஒரு சின்ன விஷயம், காலையிலேயே ஒரு சந்தேகம் இருந்தது என்று பணிவோடு தெரிவித்தார். அம்மையார் தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு, தம் இருக்கைக்குத் திரும்பிவிட்டார்.

ஐந்து மணிக்குச் சற்று நேரமே மீதியிருந்தது. அவர் மகளை அழைத்தார். விவரங்களெல்லாம் நேற்றே நான் எழுதிக் கொடுத்ததுதான், அப்படியே பொத்தானை அழுத்து என்றார்.

“நிரப்பிட்டேன்ப்பா. ஒரு தடவை படிக்கிறேன், கேளுங்க.”

“அதெல்லாம் பார்த்தாச்சும்மா. அனுப்பு முதல்ல.”

“காலையிலேர்ந்து நீங்க இதையேதான்ப்பா சொல்றீங்க. நான் படிக்கத்தான் போறேன்.”

படித்தாள். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண்கள், விரும்பும் பாடப்பிரிவு. சரி, சரி, போதும் என்று அவர் ஒவ்வொரு வரிக்கும் இடையில் நுழைந்தார். சுவர்க் கடிகாரத்தையும் நோக்கினார். அவள் நிறுத்தவில்லை. நேர்காணல் அழைப்பு வர வேண்டிய கைப்பேசி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்து முடித்தபோது, மறுமுனையில் ‘சரி’ வரவில்லை.

“என்னப்பா?”

“அது என் பழைய நம்பர்ம்மா” என்றார் தாழ்ந்த குரலில். அந்த இணைப்பை அவர் ஒப்படைத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கல்லூரி அழைத்திருந்தால், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் நேர்காணலுக்குப் போயிருப்பார். மகள் எண்ணைத் திருத்தி, திருத்தியதையும் படித்துக் காட்டிவிட்டே அனுப்பினாள். பக்கம் மூடுவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

வாசகரே, நீங்கள் புன்னகைக்கிறீர்கள். அந்த ஆசாமியை எனக்குத் தெரியும் என்கிறீர்கள். மைத்துனர் ஒருவரோ, பக்கத்து இருக்கைக்காரரோ உங்கள் நினைவுக்கு வருகிறார். வரட்டும். ஆனால், ‘நல்ல வேளை, நான் அந்த வகையைச் சேர்ந்தவன் இல்லை’ என்று மனத்துக்குள் ஒரு பதில் சொல்லிக்கொண்டீர்களே, எதைப் பார்த்துச் சொன்னீர்கள்?