காட்டேரிக்குப்பத்தில் நின்றுபோன வெத்தலைத் தட்டு

கூடப்பாக்கம்

செல்லிப்பட்டு சம்பந்தி அரங்கநாதன் அவர்களுக்கு, உங்க சம்பந்தி அய்யனார் வணக்கத்தோட சொல்லி எழுத வைப்பது. இங்க மருமக, பேத்தி, மாடு எல்லாம் சௌக்கியம். உங்க முழங்கால் எப்படியிருக்குன்னு தெரிஞ்சா சந்தோஷம். எனக்கு எழுத்து வராததால ஜெராக்ஸ் கடை ஃபர்ஹானா எழுதுது.

நிற்க. பேத்தி காதுகுத்துக்கு உங்க வூட்டுக்கு வெத்தலைத் தட்டோட வந்து பத்திரிகை வைக்கலன்னு நீங்க கோவப்பட்டது நியாயம். தாய்மாமன் அன்புராஜ் மடியில உக்கார வைக்காம என் பேத்திக்குக் காது குத்த முடியாது. ஆனா உங்க மருமகன் புகழ்வேந்தன் உங்கள மதிக்காம இல்ல. தட்டை எடுத்துகிட்டு உங்க வூட்டுக்குத்தான் கெளம்புனான். காட்டேரிக்குப்பத்துல ஒருத்தர் மோட்டார் ஓடலன்னு நிக்க, இவன் எறங்கி, பிரிச்சு, மாட்டி, ஓடவச்சு, தண்ணி பாயறதப் பாத்துட்டு, வூட்டுக்கு வந்து சோத்துல கை வச்சுட்டான். "சம்பந்தி இன்னா சொன்னாருடா"ன்னேன். அப்படியே எழுந்து நின்னான். போய்ப் பாத்தா தட்டு மோட்டார் கொட்டாயிலேயே இருக்கு, வெத்தலைய ஆடு தின்னுட்டுப் பத்திரிகைய மென்னுகிட்டிருக்கு.

உங்க பொண்ணு அருள்மொழி மறுநாளே அவன டவுன் டாக்டரம்மா உஷாராணிகிட்ட இழுத்துகிட்டுப் போச்சு. சின்ன வயசுல பாத்தவங்க வந்து சொல்லணும்னாங்களாம், என்னையும் கூட்டிகிட்டுப் போனாங்க. ரெண்டாங்கிளாஸ்ல சீமெண்ணெய்க்கு அனுப்புனா நாய்க்குட்டியோட வந்தத சொன்னேன், அந்த நாய்க்காரரு பாகூர்ல பொண்ணெடுத்தத சொன்னேன், அந்தக் கல்யாணத்துல சாம்பார் தீந்துபோனத சொன்னேன், சமையக்காரருக்கு ஒரு தம்பி உண்டு, அவரு... டாக்டரம்மா பேனாவ மூடி, "பெரியவரே, பையன் கதைக்கு வாங்க"ன்னாங்க. அதுக்குத்தான் வந்துகிட்டிருந்தேன்.

"இது திமிரும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. சின்னதுலேருந்தே கவனம் ஒரு எடத்துல நிக்கல, இப்பதான் தெரியுது. மருந்து இருக்கு, போன்ல அலாரம் வச்சுப் பழகுங்க"ன்னாங்க. புகழு தலையக் குனிஞ்சுகிட்டே, "அப்போ நான் வேணும்னு செய்யலியா மேடம்"னு கேட்டான். முப்பத்தெட்டு வயசு ஆளு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அப்பறம் என்னையே பாத்து, "குடும்பத்துல வேற யாருக்காவது உண்டா"ன்னாங்க. அவங்கம்மா வழியில எல்லாரும் அப்படித்தான்னேன். அடுத்த தடவ உங்க பேருக்கும் ஒரு ஆஸ்பத்திரி சீட்டு போட்டுட்டு வாங்கன்னாங்க. கண்ணு பாக்கறதுக்கா இருக்கும். நமக்கு எதுவும் மறக்கறதில்ல.

ஆகையால் சம்பந்தி, கோவத்த ஓரமா வச்சுட்டு அன்புராஜோட நேரத்துக்கு வந்து சேரணும். நாள மறந்துடாதீங்க. உங்க வூட்டுல எல்லாருக்கும் அம்மன் தொணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
அய்யனார் (கைநாட்டு)

பி.கு. ஐயா, ஃபர்ஹானா எழுதுறேன். காதுகுத்து என்னிக்குன்னு தாத்தா கடைசி வரைக்கும் சொல்லல. கேக்கறதுக்குள்ள தெருவுல போன டிராக்டர்காரர்கிட்ட பேசிகிட்டே போயிட்டாரு. புகழ் அண்ணன் போன்ல அலாரமா இருக்கு: வர்ற ஞாயித்துக்கெழம, காலையில ஒம்பது மணி, திரௌபதி அம்மன் கோயில். புதுத் தட்டோட அண்ணனே இந்தக் கடிதத்தையும் கொண்டு வர்றாரு, வண்டியில பின்னாடி அண்ணி உக்காந்திருக்கு. கைநாட்டுக்கு எடம் விட்டிருக்கேன், தாத்தா வைக்கல. அவரு செருப்பும் இங்கதான் கெடக்கு.