அமிர்தநாதனை மேற்கோள் காட்டுகிறவர்கள்

பல் தேய்க்கும் முன்பே டாக்டர் அமிர்தநாதன் மடிக்கணினியைத் திறந்து பார்த்தார். எண் மறுபடியும் ஏறியிருந்தது.

"சேசம்மா, இன்னும் மூணு பேரு!" என்று கத்தினார்.

"சந்தோசம். போய்ப் பல்லைத் தேய்ங்க" என்றாள் மனைவி.

மூளை மருந்தியலில் பெரிய ஆராய்ச்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகள் எலியின் மூளைக்குள் என்ன செய்கின்றன என்று கட்டுரை கட்டுரையாக எழுதியிருந்தார். அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று இணையத்தில் தெரியும் எண்தான் அவருக்கு நாடித்துடிப்பு.

ஓய்வு பெற்றதும் அந்த எண் நின்றுபோனது. அமிர்தநாதன் நிற்கவில்லை. மும்பை செம்பூர் ஃபிளாட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மளிகை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினார். குக்கர் விசில் ஏன் ஒரே சீராக வருவதில்லை என்று சேசம்மாளைக் குடைந்தார்.

சில மாதங்களாகத்தான் எண்ணுக்கு உயிர் வந்திருந்தது. உலகம் தாமதமாகவாவது புரிந்துகொண்டதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தவர், யார்தான் காட்டுகிறார்கள் என்று அன்று திறந்து பார்த்தார். முதல் கட்டுரையே கோழித் தீவனம் பற்றியது. கோழிக்கும் தன் எலிக்கும் என்ன சம்பந்தம்?

எழுதியவர் கோவண்டிக்காரர், நஜிமுதீன். அமிர்தநாதன் அவருக்குப் போன் போட்டார்.

"என் பேப்பரைக் காட்டியிருக்கீங்களே, எதுக்கு?"

எதிர்முனை பதறியது. "சார், ஒரு இடத்துலதான் போட்டேன். போதலையா? அடுத்த பேப்பர்ல அஞ்சு போட்டுர்றேன், பக்கா!"

"ஐயோ, வேண்டாம்! யாரு போடச் சொன்னது?"

"நீங்கதானே சார்?"

இதழுக்கு வரும் கட்டுரையைப் பெயர் வெளியே தெரியாத ஒரு பரிசீலகர் படித்துச் சரி என்றால்தான் அது அச்சேறும். அந்தப் பரிசீலகர், அமிர்தநாதனையும் குறிப்பிடும்படி எழுதுகிறாராம். இப்படிக் கேட்கிற ஆள் அமிர்தநாதனைத் தவிர யாராக இருக்க முடியும் என்று எல்லாரும் முடிவுகட்டியிருந்தார்கள். அவரோ ஓய்வுக்குப் பிறகு யார் கட்டுரையையும் தொட்டதில்லை.

உடனே இதழின் ஆசிரியரைக் கூப்பிட்டார். "அந்தப் பரிசீலகர் யாரு?"

"பேரைச் சொல்ற வழக்கம் இல்லன்னு உங்களுக்கே தெரியுமே சார்" என்று சிரித்துவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. தன்னைக் காட்டிய ஒவ்வொருவரையும் போனில் பிடித்து, "இனிமே என் பேரைப் போடவே கூடாது" என்று கண்டித்தார். பெரியவர் கோபமாக இருக்கிறார் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். அடுத்த மாதம் எண் இரண்டு மடங்கானது.

பழைய நிறுவனத்திலிருந்து இயக்குநர் ஷ்யாமளா அழைத்தாள். "சார், உங்க பாராட்டு விழாவை நிறுத்தி வச்சிருக்கோம். நீங்களே உங்களைத் தூக்கி விட்டுக்கறதா ஒரு பேச்சு..."

வாழ்நாளெல்லாம் சேர்த்த நல்ல பெயர்! அமிர்தநாதன் மறுபடியும் கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடக்க ஆரம்பித்தார்.

வாசல் மணி அடித்தது. கையில் மாஹிம் அல்வாப் பெட்டியோடு ஓர் இளம்பெண் நின்றாள்.

"சார், நான் ஷைஸ்தா. தாராவியிலேருந்து வாரேன். மூளை மருந்துலதான் நானும் ஆராய்ச்சி பண்ணுதேன். இந்தப் பேப்பர் வரலேன்னா என் பிஎச்.டி. போச்சு சார்."

"அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?"

"முதல்ல உங்க பேப்பர் ரெண்டைக் காட்டச் சொன்னீங்க, காட்டினேன். அப்புறம் நாலு. இப்ப ஆறு போட்டிருக்கேன். ஆறாவதுல எலியே கிடையாது, உங்க பிரிவு உபசார உரை சார் அது!" அவள் அல்வாப் பெட்டியை நீட்டினாள். "இன்னும் எத்தனை வேணும்? சொல்லிருங்க சார், ப்ளீஸ்."

"மாதா மேல சத்தியமாச் சொல்லுதேன், நான் யாரையும் எதுவும் கேக்கலை!"

"புரியுது சார். வெளிய சொல்லக் கூடாதுல்ல?" என்று ஷைஸ்தா மரியாதையாகத் தலையாட்டினாள்.

அமிர்தநாதன் சோபாவில் சரிந்தார். அடுக்களையிலிருந்து டீயோடு வந்த சேசம்மாள், ஒரு கோப்பையை ஷைஸ்தாவிடம் நீட்டினாள்.

"ஆறு போதும் தாயி, இதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்; டீயைக் குடி, சாரு மெயிலைத் திறந்து இப்பமே பாஸ் போட்டுருதேன்."