மேற்படி நாயின் தகப்பன்

ஓர் உயிரை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றும்போது அதற்குரிய முறைகள் வழுவாமல் நடைபெற வேண்டும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டு காரைக்குடியில் ஒரு நாயைக் கொடுக்க நேர்ந்தபோது முறை ஒன்றுகூட வழுவவில்லை. சிக்கலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அவ்வாண்டு எங்கள் பக்கத்தில் சபை தொடங்குவது நாகரிகமாக இருந்தது. டெரிலின் சட்டை அணிந்தவர் எவரும் ஏதேனும் ஒரு சபைக்குச் செயலாளராகவோ துணைச் செயலாளராகவோ இருந்தார். வெறும் உறுப்பினராக இருக்கத்தான் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. அவ்வாறு தோன்றியவற்றுள் ஒன்று ஜீவகாருண்ய சபை. அதன் செயலாளர் உடையப்பன், பத்திரப் பதிவு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சபை தொடங்கி நெடுநாளாகியும் காருண்யம் காட்டுவதற்கு ஒரு ஜீவன்கூட வந்து சேரவில்லையே என்பது அவருடைய மனக்குறை.

அக்குறையை நாய் பிடிக்கும் வண்டி தீர்த்து வைத்தது. அதில் அடைபட்டிருந்த செவலை நாய் ஒன்று, கம்பிகளுக்கு வெளியே வாலை நீட்டி, தன்னைப் பிடித்தவர்களையே பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தது. உடையப்பன் உருகிப்போய், சுகாதார ஆய்வாளரிடம் மன்றாடி அதை மீட்டார். ஆய்வாளர் கண்டிப்பானவர். வைகாசி பிறப்பதற்குள் நாய்க்கு ஒரு வீடு அமைய வேண்டும், அமையாவிட்டால் வண்டி மறுபடியும் வரும், இரண்டாம் முறை ஏறிய நாய் இறங்குவதில்லை என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினார்.

நாய்க்குப் பெயர் வைக்கவில்லை. பெயரிடுவது பெற்றோரின் உரிமை, அதில் சபை தலையிடலாகாது என்று உடையப்பன் கருதினார். ஆகவே சபை நடவடிக்கைகளில் அது 'மேற்படி நாய்' என்றே வழங்கப்பட்டது. சில நாட்களில் "மேற்படி" என்று அழைத்தால் ஓடி வரவும் கற்றுக்கொண்டது.

ஓடி வந்தது என்பது குறைவான சொல். அழைத்தவரைத் தாண்டிச் சென்று, சுவரில் மோதித் திரும்பி, வழியிலிருந்த அண்டாவை உருட்டிவிட்டு, அதன் பிறகே அழைத்தவரிடம் வந்து சேரும். செயலாளரின் மனைவி மலையம்மாள் காயப்போட்ட வடகம் காய்ந்ததே இல்லை. கொடியில் கிடந்த செயலாளரின் எட்டு முழ வேட்டி செக்காலைத் தெரு வரை இழுபட்டுச் சென்றது.

"ஊருக்கெல்லாம் காருண்யம் காட்டுறீக, வீட்டுல இருக்கிறவளுக்கு ஒரு கரண்டி காட்டக் கூடாதா?" என்று மலையம்மாள் கேட்டார். "யாரு கேக்குறாகளோ அவுக கையில கொடுத்துட்டு வாங்க."

கொடுப்பது என்றால் எவ்வகையில் கொடுப்பது என்று உடையப்பன் திருப்பிக் கேட்டார். தம் பணிக்காலத்தில் அவர் கண்டறிந்தபடி, கைமாற்றம் மூன்று வகைப்படும். முதலாவது கிரயம். உயிரை விற்பது சபையின் நோக்கத்துக்கே மாறானது. இரண்டாவது தானம். தானம் பொருளுக்கு உரியது. உயிர் பொருளன்று என்பதுதான் சபையின் முதல் கொள்கை. எஞ்சியது சுவீகாரம் ஒன்றே. எனவே சுவீகாரச் சட்டம் மேற்படி நாய்க்கும் பொருந்தும் என்று சபையில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கைதட்டலும் உண்டு.

முதலில் கேட்டு வந்தவர் அமராவதிபுதூர் மாயக்கண்ணன். ஆட்டு மந்தை வைத்திருப்பவர். நாள் முழுவதும் ஓடக்கூடிய நாய்தான் தமக்கு வேண்டும் என்றார். மேற்படி அவரைக் கண்டதும் அவர் தோளில் இரண்டு கால்களையும் வைத்து நின்றது. உடையப்பன் ஒரு கேள்விதான் கேட்டார்.

"உமக்கு ஆண் பிள்ளை உண்டா?"

"மூணு பேரு இருக்கானுவ, ஐயா."

ஆண் பிள்ளை உள்ளவர் ஆண் பிள்ளையைச் சுவீகாரம் எடுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. உடையப்பன் வருத்தத்துடன் மறுத்தார். மாயக்கண்ணன், "நாய் கேட்டா பிள்ளை இருக்கான்னு கேக்குறீக. நாளைக்குப் பிள்ளைக்குப் பொண்ணு கேட்டுப் போனா, நாய் இருக்கான்னு கேப்பாக போல" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளில் ஏறினார். நாய் ரயில்வே கேட் வரை சைக்கிளின் பின்னால் ஓடியது. சபை உறுப்பினர் இருவர் அதைச் சட்டப்படி திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

அடுத்து வந்த வேண்டுகோள் கண்டனூர் தேனம்மை ஆச்சியுடையது. ஆச்சி கணவரை இழந்தவர், பிள்ளையில்லாதவர். ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீட்டில் தனியாக இருந்தார். "இந்த வீட்டுல யாரும் ஓடி ரொம்ப வருசமாச்சு. வாரவுக எல்லாம் தூணை எண்ணிக்கிட்டு மெதுவாத்தான் நடக்குறாக" என்று அவர் சொன்னதாகத் தெரிகிறது.

ஆச்சியின் தகுதியில் ஒரு பழுதும் இல்லை. சுவீகாரம் எடுப்பவர் வேறு பாலினராயின் இருபத்தொரு வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். அந்த இடைவெளி இருப்பதாகச் சபை பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்தது. எடுக்கப்படுபவன் பதினைந்து வயதுக்கு உட்பட்டவனாக இருக்க வேண்டும், இருந்தான். மணமாகாதவனாகவும் இருக்க வேண்டும். இது குறித்துத் தெருவில் விசாரித்ததில் கிடைத்த தகவல்கள் சபையில் படிக்கத் தக்கவையாக இல்லாமையால், செயலாளர் அப்பிரிவை மௌனமாகக் கடந்து சென்றார்.

ஆயினும் செய்தி ஆச்சியின் பங்காளிகளை எட்டிவிட்டது. ஆச்சியின் கணவருக்கு வெவ்வேறு சித்தப்பாக்களின் மக்கள் இருவர், சோமுவும் முத்தப்பனும். இருவரும் தத்தம் இரண்டாம் பிள்ளையைப் பல ஆண்டுகளாக நல்ல நாள் தோறும் தலை வாரிப் பவுடர் பூசி அழைத்துவந்து, ஆச்சியின் கண்ணில் படும்படி நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆச்சி இருவருக்கும் சமமாக ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது திடீரென்று நாலு காலில் ஒரு வாரிசு.

சித்திரை முடியும் நாளன்று ஆச்சி வீட்டு வளவில், தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தில், கூட்டம் கூடியது. சுகாதார ஆய்வாளரும் வந்திருந்தார். அவருடைய வண்டி வாசலில், பின்கதவு திறந்தபடி நின்றது. மலையம்மாள் நாயைச் சங்கிலியில் பிடித்துவந்தார், அல்லது நாய் அவரை இழுத்துவந்தது. உள்ளே நுழைந்ததும் சங்கிலி கைநழுவியது. மேற்படி ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வழுக்கிக்கொண்டே கோடி வரை போய், திரும்பி வந்து, மறுபடியும் போனது. ஆச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சோமு எழுந்தார். "எங்கள்ல கோவில் மாறிப் பிள்ளை கூட்டுற வழக்கமில்லை, சுவீகாரம்னா சொந்தக் கோவில் பங்காளிகள்லதான். இந்த நாய் எந்தக் கோவில்னு முதல்ல தெரியணும்."

அது விசாரணையில் உள்ளது என்றார் உடையப்பன். பங்காளிகள் சம்மதமின்றிப் பிள்ளை கூட்ட முடியாது என்று முத்தப்பனும் சொல்லிவைத்தார். இருவரும் ஒரே பக்கம் நின்று பேசியதை அவ்வூர் அன்றுதான் கண்டது.

அப்போது உடையப்பன் தாம் இரவெல்லாம் கண்டுபிடித்த பெருந்தடையை வெளியிட்டார். பிள்ளையைக் கொடுக்கும் உரிமை பெற்றவர்க்கே உண்டு. மேற்படிக்குத் தகப்பன் யாரென்று தெரியாத நிலையில் கொடுப்பாரும் இல்லை. கொடுப்பார் இல்லையெனில் எடுப்பாரும் இல்லை. பங்காளிகள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். ஆய்வாளர் வண்டிக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார்.

"யாராச்சும் தகப்பனா நின்னாச் சரியா?" என்று ஆச்சி கேட்டார்.

"தாமே முன்வந்து, சபையோர் அறியத் தம் வாயால் சொன்னால் ஏற்கலாம்" என்றார் உடையப்பன்.

ஆச்சி பங்காளிகளின் பக்கம் திரும்பினார். "நான் முறை தவறமாட்டேன். பிள்ளை கொடுத்தவுகளுக்கு நம்மள்ல என்ன உண்டோ அத்தனையும் செய்வேன். எனக்குப் பின்னாடி, பிள்ளைக்கு விவரம் தெரியுற வரைக்கும், வீட்டையும் சொத்தையும் பெத்தவுகதான பாத்துக்கிறணும். வேற யாரு பாப்பாக."

மேற்படிக்கு விவரம் தெரியும் காலம் எப்போது வரும் என்று இரு பங்காளிகளும் மனத்துக்குள் கணித்துப் பார்த்தார்கள். நாய் அவ்வேளையில் தன் வாலைத் தானே துரத்திக்கொண்டிருந்தது. கணிப்பதற்கு அது உதவியாக இருந்தது.

சோமு தம் அண்ணன் மனைவியான ஆச்சியின் பக்கம் வந்தார். "அண்ணமிண்டி, இவ்வளவு தூரம் வந்த பெறகு மறைக்க என்ன இருக்கு. அது என் பிள்ளைதான்."

"எது உங்க பிள்ளை?" முத்தப்பன் துள்ளி எழுந்தார். "அந்த மூக்கைப் பாருங்க. அப்படியே என்னைப் பெத்த அப்பச்சி மூக்கு. அது நான் பெத்த பிள்ளை."

"உங்க அப்பச்சி எனக்குப் பெரியப்பச்சி. அந்த மூக்குல எங்களுக்கும் பாத்தியதை உண்டு."

"நிறமே சொல்லுதே. எங்க வீட்டுல எல்லாரும் செவலை."

"சொல்லுறதைக் கேக்காம ஓடுதுல, அது எங்க வீட்டுக் குணம். யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

மலையம்மாள் இருவரையும் பார்த்தார், நாயையும் பார்த்தார். "ரெண்டு பேரு சாயலும் இருக்கத்தான செய்யுது" என்றார். அதை இருவரும் தத்தமக்குச் சாதகமான சாட்சியமாக ஏற்றுக்கொண்டு நன்றி தெரிவித்தார்கள்.

ஆய்வாளர் எழுந்துகொண்டார். தம் அதிகாரம் கேட்பாரற்ற நாய்கள் வரையில்தான் செல்லும், இரண்டு தகப்பன்மார் உள்ள நாயைத் தொட்டால் தம் உத்தியோகத்துக்கு ஆபத்து என்று சொல்லி, வண்டியின் கதவை மூடிக்கொண்டு போய்விட்டார். உடையப்பனும் தம் முடிவை அறிவித்தார். சபை ஆதரவற்ற உயிர்களுக்காகவே ஏற்பட்டது. பெற்றோர் தகராறு அதன் வரம்புக்கு அப்பாற்பட்டது. தகப்பன் இன்னாரென்று தீர்மானமாகும் வரை மேற்படி நாய் இப்போது நிற்கும் இடத்திலேயே நிற்க வேண்டும்.

நாய் அப்போது எங்கும் நிற்கவில்லை. ஆயினும் அது ஓடிக்கொண்டிருந்த இடம் ஆச்சியின் வீடு என்பதில் ஐயமில்லை.

"நல்லா விசாரிங்க. எனக்கு ஒன்னும் அவசரமில்லை" என்றார் ஆச்சி.

விசாரணை முடிந்தபாடில்லை. சோமு வாரந்தோறும் தம் பிள்ளையைப் பார்க்கப் பொட்டுக்கடலையுடன் வருகிறார். முத்தப்பன் பொறை பிஸ்கட் வாங்கிவருகிறார். இருவரையும் நாய் வளவைச் சுற்றி ஓட வைக்கிறது. அவர்கள் இப்போது தூண்களை எண்ணுவதில்லை, எண்ணுவதற்கு நேரம் இல்லை. இதற்கிடையே தகப்பன்மாரின் தொகையும் ஏறிக்கொண்டே போகிறது. சபையின் தலைவர் ஒருவர், அவருடைய மைத்துனர் ஒருவர், பினாங்கிலிருந்து தந்தி அடித்தவர் ஒருவர்.

கண்டனூருக்கு இதனால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. ஒருவரையொருவர் நாய் என்று ஏசிக்கொள்ளும் வழக்கம் அங்கே அறவே ஒழிந்துவிட்டது. ஏசினால் எவரும் இப்போது சினம் கொள்வதில்லை. ஏசியவரையே சாட்சிக்குக் கையோடு அழைத்துக்கொண்டு, நேரே ஆச்சி வீட்டுக்கு நடந்துவிடுகிறார்கள்.